இந்தியா தெரியாத வீடு

நண்பர் ஒருவர் எழுதிய இங்கிலாந்துப் பயணக் கட்டுரை அண்மையில் ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், வாட்டன் அட் ஸ்டோன் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் உட்ஹால் பார்க் மாளிகையை அவர் பார்த்திருக்கிறார். 1930களிலிருந்து அங்கே ஒரு பள்ளி இயங்கி வருகிறது. நினைத்தவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்துவிட முடியாது. நண்பருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அந்தப் பூரிப்பு கட்டுரையின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. அவர் நல்ல உரைநடைக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெயரைக் குறிப்பிடாமல் விடுவதற்குக் காரணம் நட்பு மட்டுமன்று. இப்படி எழுதுவது அவர் ஒருவரின் வழக்கமும் அன்று. இங்கிலாந்து சென்று திரும்பும் நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கட்டுரையின் சாரம் இது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ரசனையின் உச்சம் அந்த வீடு. அதைக் கட்டியவர் ரம்போல்ட் என்ற செல்வந்தர். அவர்கள் தம் வீடுகளைக் காக்கிறார்கள், நாம் இடிக்கிறோம். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் சாயலைக் காண விரும்பும் தமிழ் வாசகர், உட்ஹாலை விட்டுவிட்டு குளோஸ்டர்ஷயரில் உள்ள செசின்கோட்டுக்குப் போகலாம், அங்கேதான் வெங்காயக் குவிமாடம் இருக்கிறது.

இதில் முதல் கூற்றை மட்டும் ஏற்கிறேன். ஏனையவற்றை ஏற்க முடியாது. கடைசிக் கூற்று எனக்கு எரிச்சலூட்டியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முதலில் சொல் பற்றி ஒன்று. 'கன்ட்ரி ஹவுஸ்' என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'பண்ணை வீடு' என்கிறார்கள். சிலர் 'கிராமத்து வீடு' என்கிறார்கள். இரண்டும் பொருந்தா. அந்த வீட்டைச் சுற்றிப் பல ஆயிரம் ஏக்கர் குத்தகை நிலம் உண்டு; அந்நிலத்தின் வாரம் உண்டு; வட்டாரத்தில் நீதி வழங்கும் பதவி உண்டு; பல சமயம் நாடாளுமன்ற இருக்கையும் உண்டு. மார்க் ஜிரூவார்ட் 1978இல் எழுதிய நூலில் இவற்றை அதிகாரத்தின் வீடுகளாகவே காண்கிறார். ஒருவன் பணம் படைத்ததால் அதைக் கட்டினான் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். படைத்த பணத்தை மரியாதையாக மாற்றிக்கொள்ளவே கட்டினான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு உட்ஹாலுக்குள் செல்வோம். நான் அங்கே போனதில்லை. படங்களிலும் நூல்களிலும் பார்த்ததுதான்.

பொட்லர் என்ற குடும்பத்தின் பழைய மாளிகை 1771இல் தீயில் அழிந்தது. 1774இல் தாமஸ் ரம்போல்ட் அந்த எஸ்டேட்டை வாங்கினார். கட்டடக் கலைஞர் தாமஸ் லெவர்ட்டன் 1777க்கும் 1782க்கும் இடையில் புதிய வீட்டை எழுப்பினார். லெவர்ட்டன் முதல் வரிசைக் கலைஞர் அல்லர். ராபர்ட் ஆடம் உருவாக்கிய மொழியைப் பிழையின்றிப் பேசக் கற்றுக்கொண்டவர் என்று சொல்லலாம். ஆனால் உட்ஹாலில் அவர் சாதித்திருக்கிறார். மேலிருந்து ஒளி இறங்கும் குவிமாடத்தின் கீழே படிக்கட்டுக் கூடம். அதன் சுவர்களில் மெல்லிய சுதைப் பதக்கங்கள். எங்கும் கை தடுமாறிய ஒரு கோடுகூட இல்லை. எட்ருஸ்கன் கூடம் என்று இன்னொன்று. இந்தப் பெயரே ஒரு வேடிக்கை. இத்தாலியில் தோண்டி எடுக்கப்பட்ட சிவப்பு, கறுப்பு மட்பாண்டங்களை அக்கால ரசிகர்கள் எட்ருஸ்கன் என்று நம்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிரேக்கருடையவை. பெயர் தவறென்று தெரிந்த பிறகும் பாணி நிலைத்துவிட்டது. மூன்றாவது, அச்சுப்பட அறை. செப்புத்தகட்டு அச்சோவியங்களை நூற்றுக்கணக்கில் சுவரில் ஒட்டி, அச்சடித்த சட்டங்களும் நாடாக்களும் முடிச்சுகளும் சூழ அலங்கரித்த அறை. அந்த மோகத்தில் உருவான அறைகள் பல மறைந்துவிட, இது எஞ்சியிருக்கிறது. 1782ஆம் ஆண்டு வேலை. நண்பர் இந்த அறைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். நியாயம்தான்.

ஆனால் 'ரம்போல்ட் என்ற செல்வந்தர்' என்று அவர் ஒரு வரியில் கடந்துபோன மனிதர் யார்?

1752இல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சேர்ந்தவர். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் போரிட்டவர். பிளாசியில் கிளைவின் பக்கத்தில் நின்றவர். பாட்னாவில் கம்பெனியின் தலைவராக இருந்து பெரும் பொருளீட்டி 1769இல் நாடு திரும்பியவர். எஸ்டேட்டை வாங்கியது அந்த வங்காளப் பணத்தில். அஸ்திவாரம் போட்ட கையோடு அவர் மறுபடியும் கப்பல் ஏறினார். 1778 பிப்ரவரியில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1780 ஏப்ரலில் கிளம்பிவிட்டார். ஆக, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சுவர்கள் எழுந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையில் அமர்ந்திருந்தார். இதை ஒரு தமிழ் எழுத்தாளர் குறிப்பிடாமல் விடுகிறார்!

அவசரப்பட்டு அவரைத் திருடன் என்று சொல்லவும் நான் தயாரில்லை. வடசர்க்கார் ஜமீன்தார்களைச் சென்னைக்கு வரவழைத்து, தனிப்பட்ட முறையில் பணம் பெற்றுக்கொண்டு ஏற்பாடுகள் செய்தார் என்பதும், சம்பளத்துக்குப் பொருந்தாத தொகைகளை ஊருக்கு அனுப்பினார் என்பதும் குற்றச்சாட்டு. கம்பெனி இயக்குநர்கள் 1781இல் அவரைப் பதவிநீக்கம் செய்தனர். நாடாளுமன்றத்தில் ஹென்றி டண்டாஸ் அவருக்கெதிராகத் தண்டனை மசோதா கொண்டுவந்தார். 1783இல் அது கைவிடப்பட்டது. குற்றம் நிரூபணம் ஆகவில்லை. 1791இல் ரம்போல்ட் தம் படுக்கையில் இறந்தார். அவர் ஒரு கிளப்பில் பரிமாறுபவராக வாழ்வைத் தொடங்கியவர் என்று லண்டன் மேட்டுக்குடிகள் பரப்பிய கதை பொய். அந்தப் பொய்யையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் சேர்த்த பணத்தின் மீது அவர்களுக்கிருந்த வெறுப்பில் இந்தியர் மீதான இரக்கம் மிகக் குறைவு. புதுப்பணக்காரன் பக்கத்து எஸ்டேட்டுக்குக் குடிவந்துவிட்டானே என்ற பொறாமைதான் மிகுதி. 'நபாப்' என்று நம் நவாபின் பெயரையே அவர்களுக்கு வசைச்சொல்லாகச் சூட்டினார்கள்.

ரம்போல்டுக்குப் பின் அந்த வீட்டை வாங்கியவர் யார் என்பதை நண்பர் எழுதவே இல்லை. பால் பென்ஃபீல்ட். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகப் பொருளாதார வரலாற்றை மேலோட்டமாகப் படித்தவர்கள்கூட இந்தப் பெயரைத் தவறவிட முடியாது.

பென்ஃபீல்ட் 1764இல் சென்னைக்கு வந்தார். கம்பெனியின் சிறிய ஊழியர். கட்டுமான வேலை தெரிந்தவர். கோட்டைச் சுவர் ஒப்பந்தங்கள் எடுத்தவர். சில ஆண்டுகளில் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுப்போரில் முதல்வர் ஆனார். அந்தக் கடன் எப்படி இயங்கியது என்று விளங்கிக்கொண்டால்தான் அந்தப் படிக்கட்டுக் கூடம் விளங்கும். நவாப் தன் போர்களுக்காகக் கம்பெனிப் படையை நம்பியிருந்தார். அதற்குக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை. கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக நவாப் தன் மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். வரியைத் தண்ட கடன்காரனின் ஆள் கிராமத்துக்குப் போவான். நவாபிடம் பணத்தைக் கேட்க வேண்டிய கம்பெனி அதிகாரியும், நவாபுக்குக் கடன் கொடுத்தவரும் ஒருவரே. நவாப் புதிய நாட்டைப் பிடித்தால் புதிய ஈடு கிடைக்கும். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார்.

மன்னர் துளஜாவிடம் தஞ்சையைத் திருப்பிக் கொடுக்க 1776இல் ஆளுநர் பிகட் முயன்றபோது பென்ஃபீல்ட் ஒரு கணக்கை நீட்டினார். நவாப் எனக்குத் தஞ்சை வருவாயில் எழுதிக் கொடுத்தது 1,62,000 பவுண்டு. தஞ்சைக் குடிகளுக்கு நான் கொடுத்த கடன் 72,000 பவுண்டு. ஈடு, வயலில் நிற்கும் பயிர். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டுகளைத் தாண்டாத ஒருவரின் கணக்கு இது. பிகட் மறுத்தார். கவுன்சிலின் பெரும்பான்மையினர் 1776 ஆகஸ்டில் ஆளுநரையே கைது செய்தனர். 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். பிகட்டையும் புனிதராக்கிவிட வேண்டாம்: சென்னையில் சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து ஸ்டஃபோர்ட்ஷயரில் பாட்ஷல் மாளிகையை 1765இல் வாங்கியவர்தான் அவரும். அவர் காலி செய்த நாற்காலிக்குத்தான் ரம்போல்ட் வந்தார். அவருடைய வீட்டுக்குப் பின்னாளில் பென்ஃபீல்ட் வந்தார்.

இந்தக் கடன்களை விசாரணையின்றியே ஏற்று, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, ஒதுக்கும்படி பிட் அரசாங்கம் 1784இல் ஆணையிட்டது. அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நிகழ்த்திய உரையைத் தமிழ் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். பென்ஃபீல்டைக் கிழித்துப்போடும் பகுதிகள் புகழ்பெற்றவை. எனக்கு முக்கியமானது வேறொரு பகுதி. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்திராத பர்க், நம் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். கம்பெனியின் ஜாகீர் பகுதியின் வரைபடத்தை மேசை மீது வைத்துக்கொண்டு தாமே ஏரிகளை எண்ணிப் பார்த்ததாகவும் ஆயிரத்து நூறுக்கு மேல் இருந்ததாகவும் சொல்கிறார். இரண்டு மூன்று ஏக்கர் குளம் முதல் ஐந்து மைல் சுற்றளவு ஏரி வரை. கர்நாடகமும் தஞ்சையும் சேர்ந்தால் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். இவற்றைக் கட்டியவர்களே மெய்யான அரசர்கள் என்பது அவர் தரப்பு. ஏரி ஆண்டுதோறும் கரை பலப்படுத்தி, மதகு சரிசெய்து, தூர்வாரிக் காக்க வேண்டியது. வருவாய் முழுவதும் கடன்காரனுக்குப் போனால் கரைக்கு மண் போட யார் இருப்பார்கள் என்பது அவர் எழுப்பிய பிரச்சினை.

உட்ஹாலிலும் ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. பீன் என்ற சிற்றாற்றை மறித்து அகலப்படுத்திய பிராட்வாட்டர். நண்பர் அதன் கரையில் அமர்ந்து எழுதிய பத்தி கவித்துவமானது. அந்த நீர் எந்த வயலுக்கும் பாய வேண்டியதில்லை. வீட்டின் சன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்க வேண்டும், அவ்வளவே. இயற்கை தானாகவே அப்படி வளைந்து கிடக்கிறது என்ற தோற்றத்தை உண்டாக்கும் கலை அது. ஆங்கிலேயப் பூங்காக் கலையில் 'ஹா-ஹா' என்று ஒன்று உண்டு. புல்வெளிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே சுவர் எழுப்பாமல் பள்ளம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாகக் கட்டிவிடுவார்கள். மாடு தாண்டாது, வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வேலியே தெரியாது. இந்த வீடுகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளும் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தைப் போலவே வேலை செய்கின்றன.

1782ஐப் பற்றி ஒரு சொல். 1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. போரைத் தொடர்ந்து பஞ்சம். நாட்டுப்புறத்திலிருந்து சென்னைக்குள் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எழுந்த மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்தார்கள். உட்ஹாலில் அச்சோவியங்களைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிய ஆண்டும் அதுதான். அந்த நாடாவால் இந்தப் பஞ்சம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த அறையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுகிற தமிழர் ஒருவருக்கு இது நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது செசின்கோட். சார்லஸ் காக்கரெல் என்ற கம்பெனிக்காரருக்காக அவர் சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805 வாக்கில் வடிவமைத்தது. ஓவியர் தாமஸ் டேனியல் துணை நின்றார். செம்புக் குவிமாடம், மயில்தோகை வளைவுச் சன்னல்கள், நீண்ட தாழ்வாரக் கூரை எல்லாம் உண்டு. உள்ளே நுழைந்தால் வழக்கமான செவ்வியல் பாணி அறைகள். இந்தியா அங்கே ஒரு மேலங்கி. அதை மாட்டிக்கொள்ளும் துணிச்சல் 1805இல் வந்தது, 1777இல் இல்லை. ரம்போல்டின் தலைமுறைக்கு இந்தியா தெரியவே கூடாது. ஒரு குவிமாடமோ யானையோ சுவரில் தென்பட்டால் 'பணம் எங்கிருந்து வந்தது' என்று அண்டை வீட்டான் கேட்பான். அதனால்தான் பிழையே இல்லாத லெவர்ட்டன், அதனால்தான் எட்ருஸ்கன் கூடம். கிளைவும் கிளேர்மாண்டை வாங்கி, வான்ப்ரோ கட்டிய வீட்டை இடித்துத் தள்ளி, கேபபிலிட்டி பிரவுனையும் ஹென்றி ஹாலண்டையும் கொண்டு மிகவும் ஒழுங்கான ஆங்கில வீட்டைக் கட்டிக்கொண்டார். உட்ஹாலில் இந்தியா எங்கும் தெரியாததே இந்தியப் பணத்தின் அடையாளம்.

இன்னொரு வேடிக்கை. சேப்பாக்கத்தில் நவாபுக்கு 1768 வாக்கில் அரண்மனை கட்டியவர் இதே பென்ஃபீல்ட் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. இந்தோ சாரசனிக் பாணியின் முன்னோடி என்று நம் வரலாற்று ஆர்வலர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். சென்னையில் கடனாளிக்கு வளைவுகளும் மினார்களும். தனக்கென்று வாங்கியபோது ரோமானியச் சுதை வேலை! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு கட்டுரையைத் தமிழில் நான் இன்னும் படிக்கவில்லை.

சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்ததையும் பிறகு புதுப்பிக்கப்பட்டதையும் அறிவேன். நாம் காப்பதில் மெத்தனம் காட்டுகிறோம் என்றால் மறுக்க மாட்டேன். 'அவர்கள் காக்கிறார்கள்' என்பதை மறுப்பேன். இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்ட்ரி ஹவுஸ்கள் அங்கே இடிக்கப்பட்டன. மரண வரி, வேலையாள் பற்றாக்குறை, வாரிசுகளின் அசட்டை. 1974இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தி நாட்டை வெட்கப்பட வைத்த பிறகுதான் காற்று திசை மாறியது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களையும் விட்டுவிட முடியாது. 'அங்கே ஒவ்வொரு கல்லும் நம் பணம்' என்று மேடையில் முழங்குவோர் நண்பரைவிட எளிதில் தப்பித்துக்கொள்கிறார்கள். எந்தக் கல், எந்தப் பணம் என்று அவர்களும் கேட்பதில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் கல்லில் பாட்னாவின் பங்கு எவ்வளவு, ஆந்திர ஜமீன்களின் பங்கு உண்டா, தஞ்சைப் பயிரின் பணம் எந்த ஆண்டு வந்தது என்பதெல்லாம் தனித்தனி ஆய்வுகள். நவாபின் ஆடம்பரமும், வெள்ளையருக்குத் துணைநின்று பணம் புரட்டிய நம் துபாஷிகளும் அக்கணக்கில் வந்தே தீர வேண்டும். நவாபின் புதிய கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்ந்தபோது முப்பது மில்லியன் பவுண்டுக்கு மேல் உரிமை கோரப்பட்டது; பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே செல்லும் என்று தீர்ந்தது. அந்தப் பத்திரங்களை யார் யார் எழுதினார்கள் என்று தேடினால் முழக்கம் கொஞ்சம் தணியும்.

2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனியத்தோடும் இருந்த தொடர்பைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கிளேர்மாண்டும் அதில் இருந்தது. வீட்டைப் பார்க்க வருபவனிடம் அரசியல் பேசுகிறார்கள் என்று அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலை நான் புரிந்துகொள்கிறேன். தாத்தாவின் படத்தைக் கழற்றச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். உரிமையாளர்களின் வாரிசுகளே கணக்குப் புத்தகத்தைத் திறக்கத் தொடங்கிய பின்னும் நாம் மட்டும் ரசனையைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜேன் ஆஸ்டினை முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியத்துக்காக நடத்தும்போதெல்லாம், அவருடைய அத்தை ஃபிலடெல்பியா 1753இல் நம் கடலூரில் திருமணம் செய்துகொண்டவர் என்று சொல்வேன். மாணவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஆன்டிகுவாவைத் தேடிக் கண்டுபிடித்த விமர்சகர்களை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அத்தையைத் தேடி நாம் போனதில்லை.

பென்ஃபீல்ட் உட்ஹாலில் அதிக காலம் வாழவில்லை. அவருடைய வங்கி நொடித்தது. 1801இல் சாமுவேல் ஸ்மித் என்ற வங்கியாளர் எஸ்டேட்டை வாங்கினார். 1810இல் பென்ஃபீல்ட் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

நண்பரின் பயணக் கட்டுரைகள் விரைவில் நூலாக வருகின்றன என்று கேள்விப்பட்டேன். மெய்ப்புத் திருத்தம் இன்னும் முடியவில்லையாம். 'ரம்போல்ட் என்ற செல்வந்தர்' என்பதை 'சென்னை ஆளுநர் ரம்போல்ட்' என்று திருத்தி, அடுத்த வரியில் பென்ஃபீல்டின் பெயரைச் சேர்த்தால் போதும். பக்க எண்கூட மாறாது. பிராட்வாட்டர் பத்தியை அவர் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.